வசம்பு மிதக்கும் வெந்நீர்: டோக்கியோவின் நிஷி-கசாய்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிஷி-கசாய் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிமாருக்கும்,

வணக்கம். எங்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சென்தோ இருந்தது. காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியல்கூடம். கோயில் மாதிரி வளைந்த கூரை, பின்னால் உயரமான புகைபோக்கி. காய்கறி வாங்கப் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரி கடைசியில் அதை மூடிவிட்டார்கள். கதவில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் வந்ததற்கு நன்றி, கொதிகலன் பழுதாகிவிட்டது, எங்களுக்கும் வயதாகிவிட்டது என்று நாலு வரி. அதன் முன்னால் மூன்று பாட்டிமார் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், சாத்தியிருந்த கதவைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

அன்று இரவுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் இங்கே வந்து ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் எட்டு வருடம் அந்தக் கூடத்துக்குப் போயிருக்கிறேன். இந்த எட்டு வருடத்தில் அங்கே நான் பார்த்த நம் பெண்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் மறுபடி வரவில்லை. நாம் போயிருந்தால் அது மூடாமல் இருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. கொதிகலன் பழுதானால் பழுதானதுதான். ஆனால் ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் குடியிருக்கும் ஒரு வட்டாரத்தில் இப்படி ஓர் இடம் இருந்ததே நமக்குத் தெரியாமல் போனது எனக்கு மனசு ஆறவில்லை.

நாம் இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த பொறியாளர்கள் முதலில் இங்கே வீடு எடுத்தார்கள். தோசாய் ரயில் தடத்தில் ஏறினால் ஓத்தெமாச்சி, நிஹோன்பாஷி அலுவலகங்களுக்கு நேராகப் போய் இறங்கலாம். யூ.ஆர். என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளில் ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டாம், வீட்டு உரிமையாளருக்கு அன்பளிப்புப் பணமும் வேண்டாம். ஒருவர் பின்னால் ஒருவராக வந்தோம். இன்றைக்கு டோக்கியோ வார்டுகளிலேயே இந்தியர்கள் அதிகம் இருப்பது நம் எதோகாவாவில்தான். தோசை மாவு கிடைக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது, தீபாவளிக்குப் பூங்கா நிறைகிறது, பிள்ளைகளுக்கு இந்தியப் பள்ளி இருக்கிறது. இதெல்லாம் நல்லதுதான். இதில் குறை காண மாட்டேன், முதல் வருடம் இதெல்லாம் இல்லாவிட்டால் நான் ஊருக்கே திரும்பிப் போயிருப்பேன்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பத்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்களை வழியனுப்பப் போயிருக்கிறேன். விமான நிலையத்துக்கு வருவதெல்லாம் நம் ஆட்கள். அவர்கள் கிளம்புகிறார்கள் என்று தெரிந்த ஜப்பானியர் ஒருவர்கூட அந்தக் கட்டடத்தில் இருக்க மாட்டார். ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இந்த ஊரில் இருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இங்கே வந்த இரண்டாவது குளிர்காலம். வீட்டுக்காரர் இரவு ஒன்பதுக்கு வருவார். எனக்கு நாள் முழுக்கப் பேச ஆள் கிடையாது. ஒரு மாலை குப்பை போடக் கீழே போனபோது, மூன்றாம் மாடிப் பாட்டி என் கையைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்திருக்கும். தன் இரண்டு தோளையும் தேய்த்துக் காட்டி, தெருவைக் காட்டி, ஒஃபுரோ, ஒஃபுரோ என்றார். குளியல் என்ற சொல் அப்போதே தெரியும். வீட்டில்தான் குளியலறை இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அவர் கூப்பிட்ட விதத்தில் மறுக்கத் தோன்றவில்லை. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன்.

வாசலில் ஒரு துணித்திரை, அதில் 'யு' என்ற ஒற்றை எழுத்து. வெந்நீர் என்று பொருள். செருப்பை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதன் மரப்பலகைச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உடை மாற்றும் அறையில் மூங்கில் கூடை, பழைய எடை பார்க்கும் இயந்திரம், பெரிய சுவர்க்கடிகாரம். அங்கே நின்றபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. எல்லோரும் முழுக்கக் களைந்துவிட்டு, ஒரு கைத்துண்டோடு சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. தாமிரபரணிப் படித்துறையில் வளர்ந்தவள். பத்து பெண்கள் சேர்ந்து குளிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிப்போம். என் அம்மா முன்னாலேயே நான் உடை மாற்றியதில்லை. எனவே உங்களுக்குத் தோன்றும் கூச்சம் எனக்குத் தெரியும். அது எனக்கு இருந்த அளவு உங்களில் யாருக்கும் இருக்காது என்றுகூடச் சொல்வேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, திரும்பிப் போய்விடலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். பாட்டி அவசரப்படுத்தவில்லை. தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சரி, உள்ளே போனேன். என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி நடித்தார்கள் என்றும் இல்லை, அவரவர் குளியலில் அவரவர் இருந்தார்கள். ஆவிக்கு நடுவே எதிர்ச்சுவர் முழுக்க நீல நிறத்தில் ஃபுஜி மலை. தாழ்வான முக்காலிகள், வரிசையாகக் குழாய்கள், மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். பாட்டி செய்ததைப் பார்த்துப் பார்த்து நானும் செய்தேன். முக்காலியில் உட்கார்ந்து, உச்சி முதல் கால் வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை கொஞ்சமும் இல்லாமல் கழுவிய பிறகுதான் தொட்டி. தொட்டித் தண்ணீர் 43 டிகிரி என்று சுவரில் எழுதியிருந்தது. கால் விரலை வைத்ததுமே எடுத்துவிட்டேன். மெதுவாக, மெதுவாக என்று பாட்டி கையால் காட்டினார். கழுத்து வரை இறங்கி உட்கார்ந்தபோது எலும்புக்குள் இருந்த குளிர் வெளியே போனது.

அப்போது எதிரே உட்கார்ந்திருந்த எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். விரலை நீட்டினார். திட்டுகிறார் என்றே நினைத்தேன், முகம் சுட்டது. என் பின்னலின் நுனி தண்ணீரில் கிடந்தது. தலைமுடி தொட்டியில் படக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. நான் தடுமாறுவதைப் பார்த்து அவர் எழுந்து தண்ணீரை விலக்கிக்கொண்டு வந்தார். தன் மணிக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றினார். என் பின்னால் நின்று, பின்னலைப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, உச்சியில் கொண்டை போட்டு இறுக்கினார். கடைசியாக உள்ளங்கையால் தலையை ஒரு தட்டுத் தட்டினார். என் ஆச்சி தலை சீவி முடித்ததும் அப்படித்தான் தட்டுவாள். ஊரிலிருந்து கிளம்பிய பிறகு என் தலையை யாரும் தொட்டதில்லை என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. முகத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டேன், அழுவது தெரியக்கூடாதென்று.

அடுத்த வாரம் ரப்பர் பேண்டைத் திருப்பிக் கொடுத்தேன். வைத்துக்கொள் என்று கையை ஆட்டிவிட்டார். இன்னமும் என்னிடம் இருக்கிறது, ஆனால் இப்போது இழுவை போய்விட்டது.

அதிலிருந்து வாரம் இரண்டு நாள். ஜப்பானிய மொழியை நான் பள்ளியில் கற்கவில்லை, முழங்கால் வலியும் மருமகளும் முட்டைக்கோஸ் விலையும் பேசும் பாட்டிமாரிடம்தான் கற்றேன். தொட்டியை விட்டு எழும்போது 'ஓசாகி நி' என்பார்கள். உங்களுக்கு முன்னால் நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். நாம் 'போயிட்டு வர்றேன்' என்பது போல. முன்பின் தெரியாதவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இந்த ஊரில் ரயிலில் தோளோடு தோள் இடித்து நின்றாலும் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மனிதர்களே வெந்நீரில் இறங்கினால் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். எந்த நிறுவனம், என்ன பதவி, எந்த நாட்டு விசா, ஒன்றும் உடம்பில் எழுதியிருக்காதே.

இனி அந்த வசம்பு விஷயம். இதை எழுதத்தான் கை துடிக்கிறது.

மே 5 இங்கே குழந்தைகள் தினம் என்று உங்களுக்குத் தெரியும். விடுமுறை, வீடுகளில் துணிக் கெண்டைமீன்களைக் கம்பத்தில் பறக்கவிடுவார்கள். அன்று சென்தோக்களில் ஷோபு-யு என்று ஒரு குளியல் உண்டு. வாள் மாதிரி நீளமான பச்சை இலைகளைக் கட்டுக்கட்டாக வெந்நீரில் மிதக்கவிடுவார்கள். நோய் நொடி அண்டாது, பிள்ளைகள் திடமாக வளரும் என்பது நம்பிக்கை. முதல் வருடம் நான் போனபோது கதவைத் திறந்ததும் ஒரு வாசனை அடித்தது. கொஞ்சம் காரம், கொஞ்சம் இனிப்பு, மண் வாடை. தெரிந்த வாசனை, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. தொட்டிக்குள் உட்கார்ந்து ஒரு கட்டை இழுத்துப் பார்த்தேன். அடிப்பகுதி வெளிர் சிவப்பு. நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனேன். என் ஆச்சியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் துணிப்பை. வசம்பு!

வீட்டுக்கு வந்து பெயரைத் தேடிப் பார்த்தேன். தாவரவியலில் அக்கோரஸ் கலாமஸ். ஷோபுவும் அதுதான், நம் வசம்பும் அதுதான். நாம் காய்ந்த கிழங்கைக் கடையில் வாங்குகிறோம், இவர்கள் பச்சை இலையைத் தண்ணீரில் போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். வசம்புக்கு நாம் வைத்த பெயரைப் பாருங்கள்: பிள்ளை வளர்ப்பான். ராத்திரி அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்பாள் ஆச்சி. பிறந்த பிள்ளைக்குக் கையில் வசம்பு வளையல் கட்டிவிடுவோம். இங்கே அதே செடியின் இலையைக் குளிக்கும்போது பிள்ளையின் தலையைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள், புத்தி வளரும் என்று. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், யார் யாரிடம் கற்றார்களோ, பிள்ளையைக் காப்பாற்று என்று இரண்டு ஊர்ப் பாட்டிமாரும் ஒரே செடியிடம் போயிருக்கிறார்கள்.

அடுத்த முறை போனபோது, கிழங்கை விளக்கில் சுட்டுக் கல்லில் உரசும் கதையை அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னேன். ஆறு பாட்டிமார் என்னைச் சுற்றிக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கேட்டார்கள். சுட்டா? கரியாகிவிடாதா? கையில் கட்டுவதா, எந்தக் கை? அதுவரை அவர்கள் சொல்ல நான் கேட்பதுதான் வழக்கம். அன்று முதல்முறையாக எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஊரிலிருந்து ஒரு வசம்பு வளையல் வரவழைத்து மூன்றாம் மாடிப் பாட்டிக்குக் கொடுத்தேன். கொள்ளுப் பேத்திக்கு என்று வாங்கிக்கொண்டார்.

இதே மாதிரி டிசம்பரில், பகல் மிகக் குறைவாக இருக்கும் நாளில் யூசு-யு. நாரத்தை மாதிரி மணக்கும் மஞ்சள் பழங்களைத் தொட்டி நிறைய மிதக்கவிடுவார்கள். மார்கழிக் குளிரில் அந்த வாசனையோடு உட்கார்ந்திருப்பதை எப்படி எழுதினாலும் குறையாகத்தான் இருக்கும், நேரில் வாருங்கள்.

இந்தக் கூடங்கள் எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியவில்லை, அதனால்தான் இந்த அவசரம். 1968இல் டோக்கியோவில் 2,600க்கும் மேற்பட்ட சென்தோக்கள் இருந்தன. அன்றைக்குப் பல வீடுகளில் குளியலறை கிடையாது, சாயங்காலமானால் தெருவே துண்டோடு கிளம்பும். பிறகு வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது. இன்று 450கூட இல்லை. நடத்துபவர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள், எரிபொருள் விலை ஏறுகிறது. விலையையும் அவர்களாக ஏற்ற முடியாது. போர் முடிந்த அடுத்த வருடம், 1946இல், பஞ்ச காலத்துக்காகப் போட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணை குளியலுக்கு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. டோக்கியோ ஆளுநர்தான் உச்ச விலையை நிர்ணயிக்கிறார். 2024 ஆகஸ்டில் அது பெரியவருக்கு 550 யென் ஆனது. நாம் ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதில் பாதி. அந்தக் காசுக்கு ஒருவர் கட்டடத்தையும் கொதிகலனையும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தரை தேய்ப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் இருக்கும் அந்த ஃபுஜி மலைக்கும் வரலாறு உண்டு. 1912இல், கந்தா பகுதியில் இருந்த ஒரு குளியல்கூடக்காரர், குழந்தைகள் ஆசையாக வரட்டும் என்று ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டு வரையச் சொன்னாராம். ஓவியர் ஷிசுஓகாக்காரர், தன் ஊர் மலையை வரைந்துவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் வரைந்தார்கள். ஆவியில் வண்ணம் உரிந்துபோகும், சில வருடத்துக்கு ஒருமுறை ஒரே நாளில், கடை விடுமுறை அன்று, மறுபடி வரைய வேண்டும். இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இன்று நாடு முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த மஞ்சள் கிண்ணத்தில் கெரோரின் என்று எழுதியிருப்பதுகூட ஒரு வலி மருந்துக்கான விளம்பரம், 1963இல் தொடங்கியது. கோயில் கூரை மாதிரிக் கட்டியது 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு. ஊரே இடிந்து எரிந்து கிடந்தபோது, கோயில் கட்டும் தச்சர்கள் வந்து குளியல்கூடங்களை அப்படி எழுப்பினார்கள். எல்லாம் போன மக்களுக்குக் குளிக்கவாவது ஓர் அழகான இடம் இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எங்கள் தெருக் கட்டடத்தின் கூரையையும் இடிப்பதற்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இது வெறும் சுகத்துக்கான விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் வார்டில் ஏறக்குறைய 70 சதவீத நிலம், கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு பக்கம் அரகாவா ஆறு, இன்னொரு பக்கம் எதோகாவா ஆறு, தெற்கே கடல். 2019 அக்டோபர் 12, ஹகிபிஸ் புயல் வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதற்கு முதல் நாள் ஆண்கள் பக்கத்துத் தொட்டியில் ஒரு பெரியவர் என் வீட்டுக்காரரிடம், நீங்கள் இரண்டாம் மாடி அல்லவா, காத்திருக்காதீர்கள், இந்தப் பள்ளிக்குப் போங்கள், போர்வையும் குழந்தைக்குச் சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, எந்த வழியாகப் போவது என்று ஈரக் கையால் ஓட்டுச் சுவரில் கோடு போட்டுக் காட்டினாராம். வார்டு அலுவலகம் வீட்டுக்கு வீடு வெள்ள வரைபடம் கொடுத்திருந்தது. அது எங்கள் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. நாங்கள் போனது அந்தப் பெரியவர் சொன்னதை வைத்துத்தான். நிலநடுக்கமும் வெள்ளமும் உள்ள ஊரில், நீ எந்த மாடியில் இருக்கிறாய் என்று தெரிந்த நாலு பேர் வேண்டும். அவர்கள் கைபேசிக்குள் இருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளையும் யோசியுங்கள். இந்தியப் பள்ளி, இந்தியப் பேருந்து, வீட்டில் தமிழ்த் தொலைக்காட்சி என்று வளர்கிறார்கள். டோக்கியோவில் பிறந்த பிள்ளைக்கு டோக்கியோவில் ஒரு பாட்டி தெரியாது. என் மகள் ஐந்து வயதிலிருந்து வருகிறாள். குளித்து முடித்ததும் கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த காப்பிப் பால் வாங்கி, இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள். யார் சொல்லிக் கொடுத்ததோ. இங்கே எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறார்கள். ஒரு விதி மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஏழு வயது ஆன பையன் அம்மாவோடு பெண்கள் பக்கமோ, பெண் அப்பாவோடு ஆண்கள் பக்கமோ போகக்கூடாது. டோக்கியோவில் 2022 ஜனவரியிலிருந்து இதுதான் நடைமுறை.

இன்னும் சிலவற்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் நாள் ஒரு தப்பு நடந்தால் மறுபடி வர மனசு வராது. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் வீட்டிலேயே சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டு வாருங்கள். எண்ணெய்க் குளியலை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள், மஞ்சளும் வேண்டாம், தலைச்சாயமும் வேண்டாம். நின்றுகொண்டு தண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். கைத்துண்டைத் தொட்டிக்குள் நனைக்கக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். நீச்சல் உடை போட அனுமதி கிடையாது. மாதவிலக்கு நாட்களில் போவதில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சூடு சாதாரணச் சூடில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதும் இறங்க வேண்டாம். கைபேசி பைக்குள் இருக்கட்டும். அப்புறம் முக்கியமாக, பத்துப் பேர் கூட்டமாகப் போக வேண்டாம். இரண்டு பேர், மூன்று பேர் போதும். நாம் ஒரே கும்பலாக உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருந்தால் காத்திருப்பு அறையை அப்படியே தொட்டிக்குள் கொண்டுபோன மாதிரி ஆகிவிடும்.

கூச்சத்தைப் பற்றி மறுபடி ஒன்று. வெட்கத்தை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வெட்கம் நம்மோடு வளர்ந்தது, அதை ஒரு நாளில் கழற்றி மூங்கில் கூடையில் போட முடியாது. முதல் நாள் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் சரிதான். இரண்டாம் நாள் கழுவும் இடம் வரை வாருங்கள். பிள்ளை பெற்ற தழும்பும் அறுவைத் தழும்பும் ஒரு மார்பு இல்லாத மார்பும் எல்லாம் அங்கே உண்டு, யாரும் மறைப்பதில்லை. என் வயிற்றைப் பற்றி இருபது வருடமாக எனக்கு இருந்த குறை, அந்தப் பாட்டிமாரின் உடம்புகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் போனது. நம் பெண்பிள்ளைகளுக்கு இதை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

எங்கள் தெருக் கூடம் போய்விட்டது. சைக்கிளில் பதினைந்து நிமிடத் தொலைவில் இன்னொன்று இருக்கிறது. அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. அவரிடம் பேசிவிட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் எப்படி விளக்குவது என்றுதான் அவருக்குக் கவலை, வருவதில் சந்தோஷம்தான் என்றார். விதிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், உடை மாற்றும் அறையில் ஒட்டியிருக்கிறார். ஜப்பானிய எழுத்துக்குப் பக்கத்தில் நம் எழுத்து. போய்ப் பாருங்கள், கையெழுத்துக்கு மன்னித்துவிடுங்கள்.

இந்த மே 5 அங்கேயும் வசம்பு இலை போடுகிறார்கள். மாலை மூன்றரைக்குத் திறக்கும். அதற்கு முந்தின சனிக்கிழமை ஓர் ஒத்திகை மாதிரி இரண்டு பெண்களைக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். யார் முதலில் சொல்கிறீர்களோ அவர்கள். மூன்று மணிக்கு நிஷி-கசாய் நிலையத்தின் வடக்கு வாசலில், மீன் கொடி கட்டிய கூடை வைத்த சைக்கிளோடு நிற்பேன். ஒரு கைத்துண்டும் குளியல் கட்டணமும் கொண்டுவந்தால் போதும். தலைமுடி நீளமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், என் மணிக்கட்டில் நாலைந்து ரப்பர் பேண்டு அதிகமாகவே போட்டுக்கொண்டு வருவேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துக் கட்டடத்துக் கல்லிடைக்குறிச்சி அக்கா